கம்பானியன்

அய்யாதுரை பன்னைப் பிட்டு டீயில் நனைத்தார். படுத்திருந்த பாயெல்லாம் டீ சிந்தியது. மீதிப் பாதியைத் தம்பி பக்கம் நீட்டினார்.

"தின்னுல."

"சாப்ட்டுட்டுத்தாம்ணே வந்தேன்," என்றான் இசக்கிமுத்து.

பொய். தி.நகர் ஜவுளிக்கடையில் காலையிலிருந்து துணிப் பேல் சுமந்தவன், காய்ந்த வயிற்றோடுதான் மயிலாப்பூர் வந்திருந்தான். அண்ணன் ஜஹீதாவைக் கட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூட அவன் குடித்ததில்லை. வாரம் தவறாமல் வருவான். வாசல்படியிலேயே உட்காருவான். கேட்டால் இதே பதில். அதனால் இப்போது பாயையே படியோரம் இழுத்துப் போடச் சொல்லியிருந்தார் அண்ணன். ஈரல் போய்விட்டது, இனி வைத்தியம் இல்லை.

டுடோரியலில் இங்கிலீஷ் வாத்தியார். சாகக் கிடந்தும் வாய் ஓயவில்லை.

"கம்பானியன்னா என்னல?"

"கூட்டாளி. எத்தன தடவ கேப்பிய?"

"இங்கிலீஷ்காரன் அத பிரெஞ்சுக்காரன்ட்ட வாங்கினான். அவன் லத்தீன்லருந்து எடுத்தான். லத்தீன்ல கோம்னா கூட, பானிஸ்னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி திங்கவன்தாம்ல கூட்டாளி. கூடப்பொறந்தா மட்டும் போதாது."

உள்ளேயிருந்து ஜஹீதா சொன்னாள்: "வுடுங்க, உங்க தம்பி எங்க வூட்ல துன்னமாட்டாரு. நாயர் கடை பன்னுதான். நான் தொடக்கூட இல்ல, சொல்லுங்க."

இசக்கிமுத்துவின் கை சற்று எழுந்தது. பிறகு முழங்காலிலேயே படிந்துவிட்டது.

"நாளைக்குத் திங்கேம்ணே."

"நாளைக்கா," என்று அண்ணன் சிரித்தார். பன்னை ஜன்னலோரம் இருந்த சாஸரில் வைத்தார்.

அண்ணன் போய்விட்டார் என்று மறுநாள் காலை கடைக்கு ஆள் வந்து சொன்னான்.

கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு இசக்கிமுத்து திரும்பினான். அடுப்பு மூட்டாத வீடு. ஜஹீதா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நிமிராமலே, "நீங்க சாப்ட்டுட்டுத்தான் வந்துருப்பீங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பழகிப்போய்ச் சொன்னாள்.

அவன் படியைத் தாண்டி உள்ளே போனான். சாஸரில் பன் அப்படியே இருந்தது. எறும்பை ஊதிவிட்டு இரண்டாகப் பிட்டான். ஒரு துண்டை அவள் முன்னால் வைத்தான். மற்றதைக் கடித்தான். காய்ந்து கிடந்தது, தொண்டையில் இறங்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி தாங்க, மதினி."

ஜஹீதா எழுந்துபோய் டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள். பன் அடைத்த வாயோடு அவன் காத்திருந்தான்.