பின்சுவரைக் கேளுங்கள்

மட்டாஞ்சேரியில் காயலுக்கு நூறடி தள்ளி நிற்கும் சமூக மண்டபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்பதை நாற்காலியில் அமர்ந்த கமிட்டி முடிவு செய்யும். அடிக்கப்போகிறவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொள்வார்கள். சென்ற ஆண்டு பின்சுவருக்கு நீர் புகாத ரப்பர் கோட்டிங் அப்படித்தான் தேர்வாயிற்று. ஒரே மழைக்காலத்தில் சுவர் முழுதும் கொப்புளங்கள். தேர்ந்தெடுத்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்தவளைக் கேட்டார்கள்.

அடித்தவள் முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, பள்ளுருத்தியில் குடியிருந்து, ஆறு பெண்கள் கொண்ட பெயிண்டிங் செட்டை நடத்துகிறவள். ‘பொம்பளைங்க அடிச்சா இப்படித்தான்’ என்ற ஒற்றைப் பேச்சு, இந்த ஓராண்டில் அவள் கைக்கு வந்த மூன்று வேலைகளைத் தட்டிப் பறித்திருந்தது. இப்போது மாடியும் கீழுமாக முன்சுவர். செயலாளர் சீதாலக்ஷ்மி வாதாடி வாங்கித்தந்த கடைசி வாய்ப்பு. இதுவும் உரிந்தால் மட்டாஞ்சேரியில் அவளுடைய சாரத்துக்கு இடமில்லை.

மே மாத ஞாயிறு காலை. தலைவர் சங்கர்ராம், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

“அதே ரப்பர் கோட்டிங்தான். கம்பெனி பத்து வருஷம் காரண்டி தரான். போன தடவை கை சரியில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை சந்தீப் பக்கத்துல நின்னு பாத்துப்பான்.”

பெயிண்ட் கடை ஆள் சந்தீப், காலடியில் வைத்திருந்த டப்பாவைப் பெருமையுடன் தட்டினான்.

“அய்யா, நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் வாசலில் நின்ற முப்பிடாதி.

“என்ன இருக்கு சொல்றதுக்கு? கலர் முடிவாயாச்சு.”

“கலரு எதுவானாலும் சரி. கீழ்ச் சுவர்ல ரப்பர் அடிக்க மாட்டேன்.”

சந்தீப் சிரித்தான். “சேச்சி, எங்க கடையில டாப் ஐட்டம் இதாக்கும். ஒரு துளி வெள்ளம் உள்ள போகாது.”

“உள்ள போகாது, சரி. உள்ள இருக்கது எப்படி வெளிய வரும்?”

முப்பிடாதி கமிட்டியைப் பார்த்தாள். “எல்லாரும் பின்னால வாங்க. அஞ்சு நிமிசம்.”

“இங்கேயே சொல்லேன்,” என்றார் சங்கர்ராம்.

“நான் சொல்லி ஒரு வருசமா யாரும் நம்பல. சுவரு சொல்லட்டும்.”

சீதாலக்ஷ்மி முதலில் எழுந்தாள். “வாங்கோ, நடந்தா முட்டிக்கும் நல்லது.”

பின்சுவரில் உள்ளங்கையளவு கொப்புளம் ஒன்றைத் தேர்ந்து, பட்டி பூசும் தகட்டால் கீறினாள் முப்பிடாதி. ரப்பர்த் தோலுக்குள்ளிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. தோலை உரித்ததும் வெள்ளை வெளேரென உப்புப் பூத்திருந்தது. சீதாலக்ஷ்மி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். “உப்பேதான். ஒரு சாம்பாருக்குக் காணும்.”

“பின்சுவர் கதை முன்சுவருக்கு எதுக்கு?” என்றார் சங்கர்ராம்.

அதற்கும் ஆயத்தமாகவே வந்திருந்த முப்பிடாதி, எல்லாரையும் முன்பக்கம் அழைத்துப்போனாள். முன்சுவரின் அடிப்பகுதியில் முதல்நாள் காலை அவள் ஒட்டிவைத்த கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள், நான்கு புறமும் டேப் பிரியாமல் இருந்தது. அதன் உட்புறம் வேர்வை போல நீர்த்துளிகள்.

“மழை பெய்யல. மண்ணுல இருந்து ஏறுது. செம்மண்ணுல வெட்டியெடுத்த வெட்டுக்கல்லு, சுண்ணாம்புச் சுவரு. ஏறின ஈரத்த வெயில்ல வெளிய விட்டுரும். நாம வாயப் பொத்துனா தோலத் தள்ளிக்கிட்டு வருது. கீழ முன்னுக்கும் பின்னுக்கும் சிலிக்கேட் பெயிண்ட்தான். மழையும் தாங்கும், சுவரும் மூச்சு விடும்.”

“ரப்பர்னாலே நோக்கு ஆகாதாக்கும்?” என்றார் சங்கர்ராம்.

“மாடிச் சுவருக்கு அதையேதான் அடிப்பேன். அது கான்கிரீட்டு, காஞ்ச சுவரு. அண்ணன் சட்டையத் தம்பிக்கு மாட்டுனா எப்படி?”

பிறகு, டப்பாவைத் தூக்கிக்கொண்டே வந்திருந்த சந்தீப்பிடம் திரும்பினாள். “டப்பாவுக்குப் பின்னால மலையாளத்துல சின்ன எழுத்தா என்ன போட்டிருக்கு? வாசிங்க.”

அவன் முணுமுணுத்தான்.

“சத்தமா,” என்றாள் சீதாலக்ஷ்மி.

“உலர்ந்த சுவருக்கு மட்டும். தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவருக்குக் காரண்டி கிடையாது.”

பத்து ஆண்டுக் காரண்டி பத்து விநாடியில் முடிந்தது.

“என் செட்டுல ஷபானா மலையாளம் வாசிப்பா,” என்றாள் முப்பிடாதி. “சுவரு உரிஞ்ச பெறவுதான் அவள வாசிக்கச் சொன்னேன். முன்னாடியே வாசிக்கச் சொல்லாதது என் தப்பு. முன்னாடியே வாசிக்காதது உங்க தப்பு.”

தலைவரின் முகம் சிவந்தது. கோபத்தைக் காட்ட ஆள் தேடினார். “ஏண்டா சந்தீப், இந்த சிலிக்கேட் உன் கடையில கிடையாதா?”

“உண்டு சாரே. யாரும் கேட்கலையே.”

சங்கர்ராம் குனிந்து ஈரத் தாளை விரலால் தட்டிப் பார்த்தார். “சரி. இதுவும் உரிஞ்சா?”

“என்னக் கேளுங்க. ஆனா தேர்ந்தெடுத்தது நான்னு உங்க புஸ்தகத்துல எழுதணும். பேரு என்னுதுன்னா பழியும் என்னுது. அடுத்தவங்க தேர்ந்தெடுத்ததுக்கு இனி நான் பழி சுமக்க மாட்டேன்.”

வேலை செய்கிறவரின் பெயர் அந்தத் தீர்மானப் புத்தகத்தில் அதுவரை ஏறியதே இல்லை. சங்கர்ராம் சீதாலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் உள்ளே போய் மலையாளத்தில் நான்கு வரி எழுதி, கையெழுத்திடக் குனிந்தார்.

“கொஞ்சம் பொறுங்க அய்யா,” என்று சொல்லி, வாசலைக் கடந்து மேசைவரை வந்தாள் முப்பிடாதி. “ஷபானா, இங்க வா. வாசி.”

“நம்மளையே பரீட்சை பண்றா பாருங்கோ,” என்றார் சங்கர்ராம். ஆனால் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

ஷபானா ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தாள். மாடிக்கு ரப்பர் கோட்டிங். கீழே முன்சுவர், பின்சுவர் இரண்டுக்கும் சிலிக்கேட். தேர்வு: பெயிண்டர் முப்பிடாதி.

“சரியா இருக்கு அக்கா.”

“அப்ப போடுங்க அய்யா.”

கையெழுத்து காய்வதற்குள் அவள் முற்றத்தில் இருந்தாள். பெண்கள் சாரக் கம்புகளை முன்சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்க வேண்டாம்,” என்றாள். “முதல்ல பின்னால கட்டுங்க. அந்தச் சுவரு ஒரு வருசமா மூச்சு முட்டிக் கெடக்கு.”