இரண்டாவது ஒப்புதல்

எங்கள் எண்ணெய்க் கிடங்கில் வேலை நேரத்தில் வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டைக் காகிதத்திலிருந்து போனுக்கு மாற்றியது நான்தான். மேலிடம் சொன்னது, செய்தேன் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆசைப்பட்டுச் செய்தேன். அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொள்ள வாங்கிய செயலியிலேயே அந்த வசதியும் இருந்தது. முதலில் ஷிப்ட் பொறுப்பாளர் ஒப்புதல், அடுத்து பாதுகாப்பு அதிகாரி ஒப்புதல். இரண்டும் விழுந்தால் தொழிலாளியின் போனில் பச்சைக் கட்டம் வரும். அதைக் காட்டினால் கேட் திறக்கும். பாதுகாப்பு அதிகாரி இரண்டு மணி நேரம் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாகவே பெரிய மேலாளருக்குப் போய்விடும்.

அந்த இரண்டு மணி நேரத்தையும் போட்டவள் நான்தான். அரை மணி என்று போட்டிருக்கலாம். பெரியவரைச் சும்மா சும்மா தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று மாதமாக அனுமதி இல்லாமல் ஒருவர்கூட வெளியே போனதில்லை. மாதக் கூட்டத்தில் அந்தக் கணக்கைத் திரையில் காட்டி, "ஞானசெல்வி, பிரமாதம்" என்று பேர் வாங்கினேன். வாங்கிய பேரைக் காப்பாற்ற வேண்டுமே!

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு அலுவலக போனில் ஒரு பெண் கூப்பிட்டாள். பம்ப் இயக்கும் யாசினின் தங்கை, ரூஹி. தீப்பிடிக்கும் இடம் என்பதால் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்டிலேயே போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் அவளால் அண்ணனை நேரே பிடிக்க முடியவில்லை.

"அத்தா மௌத்தாயிட்டாரு மேடம். அண்ணன சீக்கிரம் அனுப்புங்க. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துருவாங்க. அது ஒண்ணுதான் ஆம்பளப் புள்ள."

யாசினை உள்ளேயிருந்து கூப்பிட்டு, அவன் அப்பா இறந்த செய்தியைக் கேட் பக்கத்தில் வைத்து நானே சொன்னேன்.

"காலைல டீ போட்டுக் குடுத்துட்டுதாங்க்கா வந்தேன். நல்லாத்தான் இருந்தாரு."

பெட்டியைத் திறந்து போனை எடுத்தான். எங்கே தொட வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'அத்தா' என்று மட்டும் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். மீதியை நான் அடித்தேன்.

ஷிப்ட் பொறுப்பாளர் டென்னிஸ் தன் அறைக் கணினியிலிருந்தே ஒரே நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அடுத்தது பாதுகாப்பு அதிகாரி பகலவன். அவர் தணிக்கைக்கு வந்தவர்களோடு ஏழாம் நம்பர் தொட்டியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய போன் எங்களுக்குப் பத்தடி தள்ளி, பூட்டிய பெட்டிக்குள் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. விதி அவருக்கும் விதிதான்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். "பத்து நிமிஷத்துல எறங்கிருவாரு" என்றார்கள்.

"உக்காரு யாசின். இப்ப வந்துரும்" என்று அவனைக் கேட் ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

பதினோரு மணிக்குக் காவலாளி பெனிட்டோ போன் செய்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, இந்தப் புள்ளயப் பாக்கவே பேஜாரா கீதுக்கா. நீ ஒரு வார்த்த சொல்லு, கேட்டத் தொறந்து வுட்டுர்றேன். இன்னா வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "வேண்டாம் பெனிட்டோ, உன் வேலைக்கு உலை வெச்சிருவாங்க. இன்னும் பத்து நிமிஷம்தானே" என்றேன். அவன் வேலையை நினைத்துச் சொன்னதாகத்தான் அன்றைக்கு என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். உண்மையில் என் கண்ணெதிரே நின்றது அந்த மாதக் கூட்டத்துத் திரை. எழுந்து நடந்தால் ஏழாம் நம்பர் தொட்டிக்குக் கால் மணி நேரம். போகவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு இன்னும் இரண்டு முறை போன் போட்டேன். இரண்டு முறையும் பத்து நிமிஷம் என்றார்கள். மற்ற நேரமெல்லாம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெட்கமில்லாமல்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கோரிக்கை தானாகப் பெரிய மேலாளருக்குப் போனது. மும்பையில் ஏதோ கூட்டத்தில் இருந்தவர் ஒரு நொடியில் ஒப்புதலைத் தட்டிவிட்டார். யாசின் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். சந்துக்குள் சின்ன வீடு. அவன் அம்மா அஜீசா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாய் போட்டார்கள். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி ரூஹியை அனுப்பினார்கள். அந்த மரியாதை எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

யாசினின் மாமா வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு போன ஒழுங்கா அமுக்கத் தெரில இவனுக்கு. பெத்த அத்தாவ குழில எறக்கக் கை குடுக்கல. மண்ணு தள்ளி மூடுனப்பறம் வந்து நிக்கறான்."

யாசின் என் எதிரே வந்து உட்கார்ந்து, போனை எடுத்து நீட்டினான்.

"அக்கா, நீயே பாரு. நான் எதுனா தப்பா அமுக்கிட்டனா? அதான் லேட்டாச்சா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால்கூட அங்கே என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீ எல்லாம் சரியாத்தான் செஞ்ச யாசின். பெனிட்டோ கேட்டைத் தொறந்து விடுறேன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

மாமா பேச்சை நிறுத்தினார். அஜீசா நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போக்கா?"

"பதினோரு மணிக்கு."

அவன் போனை மடியில் வைத்துக்கொண்டான். நேரத்தைக் கணக்குப் போடுகிறான் என்று அவன் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. கோபப்படுவான், எழுந்து வெளியே போ என்பான் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது.

"இவங்க போன் பண்ணிகினே இருந்தாங்கக்கா, எடுக்கலாமா எடுக்கலாமான்னு. நான் தோ வந்துர்றேன், தோ வந்துர்றேன்னு சொல்லிகினு இருந்தேன். எனக்காவ அர மணி நேரம் வெச்சிருந்தாங்களாம்." அவன் குரல் உயரவே இல்லை. "அந்தச் செவுரு ஒண்ணும் அவ்ளோ ஒசரம் இல்லக்கா. எகிறிக் குதிச்சிருப்பேன். நீ உக்காருன்ன. உக்காந்துகினு இருந்தேன்."