217-இல் யாரும் இல்லை

217-இல் புகை என்றது கீழே ரிசப்ஷனில் இருந்த ஃபயர் அலாரம் பேனல். 217-இல் ஆளே இல்லை. பூட்டிக் கிடந்த அறை. பெட்ஷீட் மடிப்புக்கூடக் கலையவில்லை, பாத்ரூம் வாளி காய்ந்து கிடந்தது. நான் ஸ்டூல் மேல் ஏறி, சீலிங்கில் இருந்த புகை டிடெக்டரை மோந்துகூடப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"இன்னாம்மா இது? காலைல ஏழு மணிக்கு ஒரு தடவ, இப்ப பதினோரு மணிக்கு ஒரு தடவ." லாட்ஜ் மேனேஜர் கலையரசன் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கீழே மணியை நிறுத்திவிட்டு, ரெண்டு மாடி ஏறி, வராந்தாவின் கடைசி வரை என்கூடவே ஓடி வந்திருந்தார். "நேத்துதான கிளீன் பண்ண? அதுக்கு முன்னாடி ஒழுங்காதான இருந்துச்சு?"

"அழுக்கா இருந்தாதான் சார் சும்மா சும்மா அடிக்கும். கிளீனா இருந்தா அடிக்காது."

"அடிக்குதே!"

எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு வருஷமாக இந்த ஃபயர் அலாரம் வேலை பார்க்கிறேன், இந்த ஊரில் எத்தனை லாட்ஜ், எத்தனை கல்யாண மண்டபம். என்னைப் பார்த்து ஒரு மனுஷன் அடிக்குதே என்கிறார்.

"நாளைக்குப் பௌர்ணமி. நாப்பது ரூமும் ஃபுல்லு. கிரிவலம் சுத்திட்டு வந்து காலை நீட்டுற ஜனத்த இது எழுப்பி வுட்டுச்சுனா என்னை மிதிச்சே கொன்னுடுவாங்க. ஒரு மணிக்குள்ள சரி பண்ணு சுதர்சனா. இல்லன்னா ஒயரப் புடுங்கிடுவேன், ஆமா." சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

சொன்னால் செய்கிற ஆள். நாற்பது அறைக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஒரு படிக்கட்டு. மணியே இல்லாமல் நாளைக்கு அத்தனை பேரையும் தூங்க விடக் கூடாது. என்ன தப்பு என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்?

217-இன் டிடெக்டரைத் திருகிக் கழற்றினேன். கழற்றினால் பேனலில் 217 காணோம் என்று வர வேண்டும். படிக்கட்டுப் பக்கம் வந்து கத்தினேன். "சார், இன்னா காட்டுது?"

"இருநூத்தி ஒன்பது காணோம்னு காட்டுது!"

"நல்லா பாருங்க சார், கண்ணாடியப் போட்டுக்கினு பாருங்க!"

"போட்டுக்கினுதாம்மா இருக்கிறேன்! ரெண்டு, சைபரு, ஒன்பது!"

209-ஐ நான் இன்றைக்குத் தொடவே இல்லை. பேனலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, எனக்கா? "ரீசெட் அமுக்குங்க," என்றேன். அமுக்கினார். அரை நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் மறுபடியும் மணி அலறியது.

"217-இல புகையாம்!" என்று கீழேயிருந்து கத்தினார்.

217-இன் டிடெக்டர் என் கையில் இருந்தது.

கையில் இருக்கிற சாமான் எப்படிப் புகையைப் பார்க்கும்? திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். குட்டிக் குட்டி சுவிட்சுகள். அவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு டிடெக்டருக்கும் அறை எண் போடுவோம். ஆன் ஆகியிருந்த சுவிட்சுகளின் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். 209.

அப்போதுதான் நேற்று மொட்டைமாடியில் நடந்தது ஞாபகம் வந்தது.

நாங்கள் ஜைனர்கள். எங்கள் வீட்டில் எறும்பைக்கூட நசுக்க மாட்டோம். டிடெக்டருக்குள் சிலந்தி கூடு கட்டும். மற்றவர்கள் சீலிங்கிலேயே வைத்துக் காற்றை அடித்து ஊதிவிடுவார்கள், சிலந்தி செத்துப்போகும். நான் எல்லாவற்றையும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், மெல்லத் தட்டி வெளியே விடுவேன். 'பூச்சிக்கெல்லாம் பஸ் டிக்கெட் எடுத்துக் குடுக்கிறவ' என்று எங்கள் முதலாளி கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். நேற்றும் இந்த மாடியின் பதினேழு டிடெக்டரையும் வரிசையாகத்தான் அடுக்கினேன். ஒன்றில் முட்டைப் பையோடு ஒரு சிலந்தி. அதற்கு நிழல் தேடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டு வந்தால், ரூம் பெருக்கும் காசியம்மாள், துணி காயப்போட இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் என் வாளியில் அள்ளிப் போட்டிருந்தாள். வரிசை எனக்குத் தெரியாதா என்ற திமிரில், முதுகில் உள்ள எண்ணைப் பார்க்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் புகை காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே பேனலில் என்ன எண் வருகிறது என்று பார்க்கவில்லை.

அப்படியென்றால் பேனல் பொய் சொல்லவில்லை. 217 என்கிற டிடெக்டர் வேறு ஏதோ அறையில் இருக்கிறது. அந்த அறையில் நிஜமாகவே புகை. எந்த அறை?

"காசியம்மா, சாவி! எல்லா ரூமையும் தொறங்க!" என்று கத்தினேன். 216, ஒன்றுமில்லை. 215, ஒன்றுமில்லை. 214-இல் குளித்துக்கொண்டிருந்தவர் திட்டினார். காசியம்மாள் திடீரென்று நின்று, மூக்கை உறிஞ்சினாள்.

"கஞ்சி தீயற நாத்தம் வருதே, பாப்பா."

படிக்கட்டை ஒட்டிய 204. வெளியே பூட்டு. காசியம்மாள் சாவியை நுழைத்துத் திறந்ததும் கண் எரிந்தது. தரையில் கரண்ட் அடுப்பு, அதில் கருகிப்போன பாத்திரம், பக்கத்தில் தொங்கிய துண்டின் ஓரம் கனன்றுகொண்டிருந்தது. கட்டிலில் ஒரு பெரியவர், ஒரு பக்கம் கை கால் விளங்காதவர், வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கினேன். துண்டைப் பக்கெட்டுத் தண்ணீரில் அமுக்கினேன். சத்தம் கேட்டு மேலே ஓடி வந்த கலையரசனோடு மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம்.

அவர் பெயர் முருகையன் என்று அப்புறம் தெரிந்தது. வெளிச் சாப்பாடு ஆகாதென்று மனைவி ஆதிலட்சுமி அறையிலேயே திருட்டுத்தனமாகக் கஞ்சி வைக்கிறவர். காலையில் அடித்த மணிக்குப் பயந்து அணைத்தாராம். அப்புறம் மறுபடி வைத்துவிட்டு, தரிசனத்துக்குப் போனவர் வரிசையில் மாட்டிக்கொண்டார்.

கலையரசன் சுவரில் சாய்ந்து நெற்றியைத் துடைத்தார். "ஒயரப் புடுங்கி இருந்தேன்னா... அய்யோ சாமி. உன் மிஷின்தாம்மா காப்பாத்துச்சு."

முருகையன் ரெண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"மணி அடிச்சுது. ஆளுங்க ஓடியாற சத்தமும் கேட்டுது. அப்பாடா, வந்துட்டாங்கனு நெனச்சேன்." கொஞ்சம் இருமினார். "கதவத் தாண்டிப் போயிட்டீங்க. ரூமு தெரியலையாம்மா?"

கலையரசன் என்னைப் பார்த்தார். காசியம்மாளும் பார்த்தாள். நான் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஷினுக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்கய்யா," என்றேன். "நாந்தான் மாத்தி மாட்டிட்டேன்."