வெட்டுப்படாத படம்

மாத்தளை நகரில் தான் படித்த பாடசாலையிலேயே கணக்கியல் படிப்பிக்கும் பரிமளத்திடம், அந்த வருட ஆண்டு விழா மலரைத் தொகுக்கும் வேலை வந்து சேர்ந்தது. பழைய மாணவர்கள் வாழ்த்துச் செய்திகளை வேர்ட் பைல்களாக அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அனுப்பியவரின் முகப்படம் மேலே ஒட்டியிருந்தது. அத்தனையையும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தவளை, அச்சகம் நடத்தும் அன்ஸாப் போனில் பிடித்தார்.

“டீச்சர், எழுத்தோட ஒட்டிக் கெடக்கிற படம் எனக்குச் சரிவராது. படங்களைத் தனித்தனி பைலாத் தாங்க.”

“ஒவ்வொண்ணா கொப்பி பண்ணி எடுக்கவா? விழாவே முடிஞ்சிடுங்க.”

“கொப்பி பண்ணினா மங்கிடும். பைல் பேருக்குக் கடைசியில ஒரு புள்ளி இருக்குமே, அதுக்குப் பொறகு இருக்கிறதை அழிச்சிட்டு ‘ஸிப்’ண்டு அடிங்க. பெட்டி மாதிரித் திறக்கும். உள்ளுக்கு ‘மீடியா’ண்டு ஒரு போல்டர். படமெல்லாம் அங்கதான் ஈக்கிது.”

பரிமளம் அரை நம்பிக்கையோடு ஒரு பைலின் பெயரை மாற்றினாள். பைல் கெட்டுப்போகலாம் என்று கணினி பயமுறுத்தியது. போனால் போகிறது என்று அமுக்கினாள். திறந்தது. பலாப்பழத்தைப் பிளந்ததும் சுளை தெரிவதுபோல், உள்ளே படம் பளிச்சென்று கிடந்தது.

அவளுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்ததைப் பிளந்தாள், அதற்கடுத்ததையும். ஒவ்வொரு படமும் வந்து விழும்போது “வந்திரு ராசா, வந்திரு” என்று தானே பேசிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்ட கணவரிடம் “இந்தா ஒண்ணே ஒண்ணு” என்று பலமுறை சொன்னாள். மலருக்கான பைல்கள் தீர்ந்த பிறகும் கை அடங்கவில்லை. பழைய வினாத்தாள்களைக்கூட உடைத்துப் பார்த்தாள். பிரித்தெடுத்த மகிழ்ச்சியில், எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அனுப்பியவர் பெயரைப் பைலுக்கு வைத்து, மொத்தமாக அன்ஸாபுக்குத் தட்டிவிட்டாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையின் ஒரு மூலையில் ஹாட்வெயார் கடை இராசமாணிக்கம், மறு மூலையில் புடவைக்கடை சிவலிங்கம். ஒரே வகுப்பில் படித்த சிநேகிதர்கள். கடைவாசலில் லொறி நிறுத்திய சண்டையில் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிறது. எதிரெதிரே கடை வைத்துக்கொண்டு, ஒருவர் கதவு திறந்தால் மற்றவர் முகம் திருப்புவார்.

மலர் கைக்குக் கை போனது. முதலில் பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு நடுவரிசை. பரிமளம் அவசரமாகப் புரட்டினாள்.

இடப்பக்கத்தில் இராசமாணிக்கத்தின் வாழ்த்து. வலப்பக்கத்தில் சிவலிங்கத்தின் வாழ்த்து. இரண்டுக்கும் மேலே ஒரே படம். சண்டைக்கு முன்பு போன சீகிரியாச் சுற்றுலாவில் கொட்டும் மழையில், சாரத்தை மடித்துக் கட்டிய சிவலிங்கம், இராசமாணிக்கத்தை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நிற்கிறார். மேலே இருப்பவர் கையில் அறுந்த செருப்பு. இருவர் வாயிலும் பல் அத்தனையும் தெரிகிறது.

பரிமளம் பக்கத்தில் நின்ற அன்ஸாபின் சட்டையைப் பிடித்தாள்.

“அவங்க அனுப்பினது மூஞ்சி மட்டுந்தானே!”

“வேர்ட்ல வெட்டினா வெட்டுப்படாது டீச்சர். மறைஞ்சுதான் ஈக்கும். ஸிப்புல எடுத்தா முழுசும் வந்துடும்.”

“நீங்க பாத்தீங்கதானே, சொல்லக் கூடாதா?”

“ரெண்டு பேரும் ராசியாகிட்டாங்கண்டு நெனச்சேன். எனக்குச் சந்தோசமாப் போச்சு.”

அதற்குள் சிவலிங்கம் எழுந்துவிட்டார். மலரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி முன்வரிசை முழுவதையும் கடந்து நடந்தார். இராசமாணிக்கத்தின் முன்னால் நின்றார்.

“ஒனக்கு வேற போட்டோவே கெடைக்கலியா?”

இராசமாணிக்கம் தரையைப் பார்த்தார். “இதுலதான் நான் மனுசன் மாதிரி இருக்கேன்.”

சிவலிங்கம் சுருட்டிய மலரை விரித்தார். “நானும் அதுக்குத்தான் போட்டேன்” என்றார்.

பிறகு திரும்பி, முதுகைக் காட்டிக் குனிந்தார். “ஏறு.”

“பைத்தியமா ஒனக்கு? நான் இப்ப என்ன பாரம் தெரியுமா?”

“ஏறுடா, பாப்போம்.”

ஏறினார். சிவலிங்கம் தள்ளாடித் தள்ளாடிச் சில அடிகள் நடந்து, மாலைகள் வைத்திருந்த மேசையில் மோதி, இருவருமாகப் பூக்களோடு சரிந்தார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. மாலைகளுக்கு நடுவே கிடந்தபடி இராசமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவலிங்கம் அவரது வேட்டியைச் சரிசெய்துவிட்டார்.

அடுத்ததாக நன்றியுரைக்குப் பரிமளத்தை அழைத்தார்கள். எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். “அதிபர் அவர்களே” என்றாள். அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் அவள் சிரித்த சிரிப்பை, மைக் தெருக்கோடி வரை கொண்டுபோனது.