மேடம் பெயரில் வந்த ஆணை

காலணிக் கடையொன்றின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவதே சார்ஜென்ட்டின் இப்போதைய தொழில். படையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் கடந்தும் தெருவில் எவரும் அவரை வேறு பெயரிட்டு அழைத்திலர். வயது நாற்பத்து மூன்று, வளையாத முதுகு, நாளொன்றுக்கு முந்நூறு முறை "வாங்க சார், வாங்கம்மா". ஆள் வரக் கண்டால் தானே திறந்துகொள்ளும் கதவு ஒன்றை அடுத்த மாதம் பொருத்தப் போவதாகக் கடை முதலாளி மகிழ்ச்சியுடன் அறிவித்திருந்தார். அக்கதவுக்குச் சம்பளமும் இல்லை, தேநீர் இடைவேளையும் இல்லை.

ஆகவேதான் சார்ஜென்ட் கால்நடை மருத்துவ உதவியாளருக்கான ஈராண்டுப் படிப்பிற்கு விண்ணப்பித்தார். இடமும் கிடைத்தது. முன்னாள் படைவீரர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே செலுத்தும் திட்டமொன்று இருந்தமையால் அதற்கும் எழுதிப் போட்டார். உதவி வழங்கும் ஆணையை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கல்லூரியில் ஒப்படைத்தல் வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குச் சென்றுவிடும்.

ஆணை வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. தையற்கடையிலிருந்து அப்போதுதான் திரும்பிய மனைவி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் உறையைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'தங்களது ஒன்பதாண்டுக் காலத் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி...' ஒன்பதா? நீங்க பதினெட்டு வருஷம்ல இருந்தீங்க? மீதி ஒன்பது வருஷம் எங்க போயிருந்தீங்க?"

"அச்சுப் பிழையா இருக்கும். மேல படி."

"'பதக்கம் இரண்டு.' எனக்குத் தெரியாம எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" அவள் கண்கள் கீழே இறங்கின. "'எடை முப்பத்தொரு கிலோ.' ஏங்க, உங்க ஒரு காலே அவ்வளவு இருக்குமே! 'நிறம், கறுப்பும் பழுப்பும்.' 'குணம், அமைதி. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும்.' சத்தியமா இது நீங்க இல்லை."

இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியின் பக்கம் திரும்பினர். வீட்டிலிருந்த ஒரே மெத்தை நாற்காலியில் மேடம் உறங்கிக்கொண்டிருந்தது.

மேடம், வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழகிய படை நாய். சார்ஜென்ட்டின் பணிக்காலத்தின் பிற்பாதி முழுவதும் அதன் வாரைப் பிடித்து நடப்பதிலேயே கழிந்தது. ஓய்வும் இருவருக்கும் ஒரே நாளில் வாய்த்தது. அதற்குப் படையினர் இட்ட பெயர்தான் மேடம். அதிகாரிகளே வழிவிட்டு ஒதுங்கி நின்ற காரணத்தால்.

நேர்ந்தது இதுதான். உணவு, நடை, உடல்நலம் எனத் தினமும் மூன்று படிவங்களில் மேடத்தின் பதிவெண்ணைச் சார்ஜென்ட் ஒன்பதாண்டுகள் எழுதியவர். தம்முடைய எண்ணையோ விடுப்பு கேட்கும்போது மட்டுமே எழுதினார். விடுப்பும் அரிதாகவே கேட்டார். ஆதலால், கட்டண உதவிப் படிவத்தில் 'பதிவெண்' என்ற கட்டத்தைக் கண்டதும் கை தனக்குப் பழகிய எண்ணை எழுதிவிட்டது. மூன்று முறை சரிபார்த்தார். மூன்று முறையும் எண் முற்றிலும் சரியாகவே இருந்தது. அலுவலகக் கணினி அந்த எண்ணுக்குரியவரைக் கண்டறிந்து 'மேடம்' என்ற பெயருக்கே உதவியை வழங்கிவிட்டது.

"மேடம் காலேஜ் போறாங்க, நீங்க கதவு திறந்து விடுங்க" என்று கூறிய மனைவி, சிரிப்பு அடங்காமல் அளவு நாடாவினாலேயே கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தேதியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

உதவி பெறுபவர் நேரில் வரவேண்டும் என்று ஆணையின் அடியில் அச்சிட்டிருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று மறுநாள் காலை மேடத்தையும் அழைத்துக்கொண்டு மூவருமாக, ஆணையை அனுப்பிய முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அடைந்தனர். பிற்பகல் வரை வரிசையில் நின்று அவர்கள் எட்டிய நான்காம் எண் சாளரத்தில் அமர்ந்திருந்த பெண் எழுத்தர் ஆணையை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம் எங்கே? அவங்கதான் வரணும். புருஷன் வந்தா செல்லாது."

"நான் அவங்க புருஷன் இல்லைங்க."

"இவர் என் புருஷன்" என்று மனைவி இடைமறித்தாள்.

எழுத்தர் இருவரையும் மாறி மாறி நோக்கினார். "அப்ப மேடம் யாரு?"

"வெளியில மரத்தடியில படுத்திருக்காங்க."

"ஐயோ, உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. நாய்."

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், அணிந்துகொண்டார். நிலைமை மாறவில்லை. சார்ஜென்ட் நடந்தவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தார். கேட்டு முடித்த எழுத்தர், "திருத்தம் கேட்டு எழுதினா தலைமையகத்துக்குப் போகும். ஆறு மாசம். புதுசா போட்டாலும் ஆறு மாசம்" என்றார்.

"அம்மா, இன்னைக்கு நாலு மணிக்குள்ள..."

"எனக்குப் புரியுது அண்ணா. ஆனா கம்ப்யூட்டருக்குப் புரியாதே."

அவர் ஆணையை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரின் அறைக்குள் நுழைந்தார். ஐந்து நிமிடத்தில் கண்காணிப்பாளரே வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று எழுதுகோல்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. ஏனெனில், ஆணையின் அடியில் பச்சை மையில் இருந்த கையொப்பம் அவருடையது. ஒரு நாய்க்குக் கல்விக் கட்டணம் வழங்கியது எங்ஙனம் என்று தலைமையகம் கேட்குமாயின், படித்துப் பார்க்காமல் ஒப்பமிட்டேன் என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இல்லை.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார் தணிந்த குரலில். "மேடத்தையும்தான்."

மேடம் உள்ளே வந்தது. கோப்பு அடுக்குகளை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. ஐயத்திற்கிடமானது யாதுமில்லை என்று முடிவு செய்து மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது. அதன் காதின் உட்புறம் பச்சை குத்தியிருந்த எண்ணை எழுத்தர் ஆணையோடு ஒப்பிட்டார்.

"சரியா இருக்கு சார். இவ்வளவு ஒழுங்கான அடையாளச் சான்று நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை."

கண்காணிப்பாளர் விதி நூலைத் திறந்து விரலை வரிவரியாக ஓட்டினார். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற, பதிவெண் உடைய எவரும் உதவி பெறலாம் என்றிருந்தது. மனிதராய் இருத்தல் வேண்டும் என்று எங்கும் இல்லை. அப்படி எழுத வேண்டியிருக்குமென எவருக்கும் தோன்றவில்லை போலும். அடுத்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. உதவி பெறுபவர் தாம் படிக்க விரும்பாவிடில், தம்மைச் சார்ந்து வாழ்ந்த ஒருவருக்கு அதனை மாற்றித் தரலாம்.

"நீங்க மேடத்தைச் சார்ந்து வாழ்ந்தவர்னு எழுதிக் கொடுங்க. உங்க சொந்தப் பங்கை இனிமேல் கேட்க மாட்டேன்னும் ஒரு வரி சேர்த்துக்கோங்க. அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை. எனக்கும் விசாரணை இல்லை."

வாயிலருகே நின்ற கடைநிலை ஊழியர் வாயைப் பொத்திக்கொண்டு, "நாய் தயவுல படிப்பு!" என்று சிரித்தார்.

சார்ஜென்ட்டின் காது மடல்கள் சிவந்தன. ஆணையைக் கையில் எடுத்தார். "வேண்டாம் சார். பதினெட்டு வருஷம் உழைச்சவன் நான். நாய்க்கு வளர்ப்புப் பிள்ளைன்னு எழுதிக்கிட்டுப் படிக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?"

"ஆமா" என்றாள் மனைவி. "அந்தக் கதவு வந்ததுக்கப்புறம் ரோஷத்தை வச்சு என்ன செய்யப் போறீங்க? உட்காருங்க."

அவர் அமர்ந்தார். கண்காணிப்பாளர் எழுதுகோலைத் திறந்துகொண்டு, கேலியின் சாயலேயின்றிக் கேட்டார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. பொய் எழுத முடியாது. நிஜமாவே எதுக்காவது இதை நம்பி இருந்திருக்கீங்களா?"

சார்ஜென்ட் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷம் சார். கண்ணிவெடி இருக்கற பாதையில இது முன்னால போகும், நான் பின்னால போவேன். இது கால் வச்ச இடத்துலதான் நான் கால் வச்சேன். பதினோரு தடவை உட்கார்ந்துச்சு. உட்கார்ந்தா அங்க வெடி இருக்குன்னு அர்த்தம். ஒரு தடவைகூட அது தப்பா உட்காரலை." குனிந்து தம் கால்களைக் காட்டினார். "ரெண்டு கால்ல நடந்து வந்திருக்கேன் பாருங்க. அதான் காரணம்."

கடைநிலை ஊழியரின் சிரிப்பு நின்றுபோயிற்று. கண்காணிப்பாளர் சொன்னதைச் சொன்னவாறே எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

கையெழுத்திட இயலாதோர் இரு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம் என்று விதி இடம் தந்தது. எழுத்தர் மைத் திண்டைக் கொணர்ந்தார். சார்ஜென்ட் "கை" என்றார். மேடம் வலக்காலை நீட்டியது. முதல் பதிவு உரிய கட்டத்திலும், இரண்டாவது கண்காணிப்பாளரின் சட்டைக் கையிலும் விழுந்தன. மனைவியும் எழுத்தரும் சாட்சிக் கையொப்பமிட்டனர். 'உறவுமுறை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அனைவரும் திகைத்தபோது, கடைநிலை ஊழியர் மெல்ல, "உயிர் காத்தவர்னு போடுங்க சார்" என்றார். அப்படியே போட்டனர்.

முத்திரை இட்டு முடிக்கையில் மணி மூன்று பத்து. வாடகை வண்டிக்காரர் நாயை ஏற்ற மறுத்தார். மனைவி ஆணையைக் காட்டி, "மூணு பேர்ல இவங்களுக்குத்தான் அரசாங்கம் ஆர்டர் கொடுத்திருக்கு" என்றதும் குழம்பிப்போய் ஏற்றிக்கொண்டார்.

கல்லூரிச் சேர்க்கை அறையில் மணி மூன்று ஐம்பத்தாறு. அங்கிருந்த உதவிப் பேராசிரியை காத்திருப்போர் பட்டியலை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டிருந்தார். ஆணையை வாங்கிப் படித்தார். கால்தடத்தின்மீது விரலை வைத்து மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். ஓரத்தில் எழுதியிருந்ததையும் படித்தார். பிறகு பட்டியலை மூடி மேசைக்குள் வைத்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் சார்ஜென்ட்டின் பெயரை எழுதினார்.

"திங்கட்கிழமை எட்டரைக்கு வகுப்பு" என்றவர், வாசற்படியில் நீட்டிப் படுத்திருந்த மேடத்தை எட்டிப் பார்த்தார். "முதல் வாரம் நாடி பார்க்கக் கத்துக்கொடுப்போம். வயசான, கடிக்காத நாய் கிடைக்காம வருஷா வருஷம் அல்லாடறோம். இதைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க" என்றார் சார்ஜென்ட். "என் படிப்பே அவங்க கொடுத்தது. கேட்டுட்டுச் சொல்றேன்."