பின்னால் உட்காருகிறவள்

அந்தக் கோடை முழுக்க ஷெல்பி, ஷெல்பி, ஷெல்பி. ரோண்டாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எல்க் மானைக் குரல் கொடுத்து வரவழைப்பது எப்படி என்று, சாமன் என்கிற அந்த மலையூரின் வேட்டைச் சாமான் கடைப் பின்னறையில் செவ்வாய்தோறும் வகுப்பு எடுக்க மொன்டானாவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள் அந்த மகராசி. முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பு வரைக்கும் பின்னல். ரோண்டாவின் கணவன் லைல் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"நீ எதுக்குப் போற? கூப்பிடுறது நான்தானே?" என்று ரோண்டா கேட்டாள்.

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான வருஷத்திலிருந்து அது அவள் இடம். லைல் வில்லோடு முன்னால் மறைந்திருப்பான். அவள் நன்றாகப் பின்னால் தள்ளி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பெட்டை மான் மாதிரி குரல் கொடுப்பாள். பெட்டையைத் தேடி வருகிற கடா, லைலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். லைலுக்குக் கூப்பிட வராது. குதிரை லாடம் மாதிரி ஒரு சின்ன ஊதல், அதை அண்ணத்தில் ஒட்டவைத்து நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். புது மாப்பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்து, குமட்டி, தின்ற அப்பத்தையெல்லாம் பூட்ஸ் மேலேயே கொட்டினான். அதோடு சரி.

ஆக, அவளில்லாமல் அவனுக்கு வேட்டை இல்லை. அந்தக் கர்வத்தில்தான் இத்தனை வருஷமும் நாண் அதிரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுப்பாள், தன் வில்லின் நாணுக்கு மெழுகு தேய்ப்பாள், பனி விழுந்ததும் வில்லைத் திரும்ப ஆணியில் மாட்டுவாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்: "ஒரு கடா நேருக்கு நேரா நடந்து வர்றதை நான் பார்த்ததே இல்ல, தெரியுமா? உன் முதுகைத்தான் பார்த்திருக்கேன்." லைல் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்லுப்பிள்ளையாராவது ஒரு பூவை உதிர்ப்பார், இவன் அதுவும் இல்லை.

இப்போது சாப்பாட்டு மேஜையில் வாய் ஓயவில்லை. "ஷெல்பி சொல்றா, அவசரப்பட்டு மேல மேல கூப்பிடக் கூடாதாம்."

"உருளைக்கிழங்குக்கு உப்பு போதுமான்னும் அவளையே கேட்டுக்கோ," என்று ரோண்டா தட்டை நகர்த்தினாள்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றக் கானி இருந்தாள். வேட்டைச் சாமான் கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள், ஊர் வம்பு அவளைத் தாண்டிப் போகாது. "வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. உன் ஆளும் அவளும் மட்டும் வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தாங்கடி. கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு. நான் பார்த்ததைச் சொல்றேன், அவ்வளவுதான். உன் மனசைக் கெடுக்கவா சொல்றேன்?"

கெட்டுத்தான் போயிற்று. அன்று சாயங்காலமே லைலின் வண்டியைத் துழாவினாள். காபிக் கோப்பை வைக்கிற குழியில் ஓர் ஊதல் கிடந்தது. ரோஸ் நிறம். ஓரமெல்லாம் கத்தரித்துச் சின்ன வாய்க்கு அளவாக்கியது. தொட்டால் ஈரம். லைலுக்குத்தான் குமட்டுமே! பின்னே இது யார் வாயிலிருந்து வந்தது? அதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனவள், அன்றைக்கு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

செப்டம்பரில் வில் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் லைல் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "நாளைக்கு வகுப்பு ஆளுங்களோட மலைக்குப் போறேன் ரோ. ஞாயித்துக்கிழமை நீயும் நானும் போலாம்."

முதல் நாள் வேட்டை! ஒரு வருஷம்கூட அவளை விட்டுப் போனதில்லை. "தாராளமா போ," என்றாள்.

விடிந்தும் விடியாமலும் அவன் கிளம்பினான். கொஞ்சம் விட்டு அவளும் காரை எடுத்தாள். கதவுப் பக்கம் ஆணியில் வில் தொங்கியது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிடிக்கப் போனது மானையா?

மலையடிவாரத்தில் லைலின் வண்டி மட்டும் நின்றது. ஒரே வண்டியில் வந்திருக்கிறார்கள், என் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தாள். லைல் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியாதா? ஊசியிலைக் காட்டு வழியாகச் சத்தமில்லாமல் ஏறினாள். பள்ளத்தை எட்டியபோது மேல் சரிவிலிருந்து பெட்டைக் குரல் ஒன்று கேட்டது. கரகரவென்று, நடுவில் உடைந்து, துருப்பிடித்த கீல் மாதிரி. ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக் கடவுளே, இதுக்கா காசு கொடுத்து வகுப்பு?

அந்தக் குரலுக்கு ஒரு கடா பதில் சொன்னது.

சிரிப்பு நின்றது. கடா இன்னொரு தடவை பிளிறியது, முன்னைவிடக் கிட்டத்தில். அந்தத் துருப்பிடித்த குரலைத் தேடி அது போய்க்கொண்டிருந்தது. புருஷனும் அவளுக்கு, கடாவும் அவளுக்கா? இருடி, உனக்குக் கூப்பிடுவது எப்படி என்று காட்டுகிறேன். சட்டைப் பையிலிருந்து தன் ஊதலை எடுத்து அண்ணத்தில் ஒட்டினாள். வருஷக்கணக்கில் லைலுக்காகக் கூப்பிட்டதையெல்லாம் சேர்த்து வைத்து, இழைந்து, கெஞ்சி, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு முடித்தாள்.

மேலே போய்க்கொண்டிருந்த கடா நின்றது. திரும்பியது. மேல் சரிவிலிருந்து அந்தக் கரகரப்பு பதறிப் பதறிக் கூப்பிட்டது; ரோண்டா ஒரே ஒரு முனகலில் அதை அடித்துப் போட்டாள். சுள்ளிகள் முறிந்தன. மரங்களுக்கு நடுவே கொம்புகள் தெரிந்தன, பிறகு கழுத்து, பிறகு முழுசாக, நேருக்கு நேராக, மூச்சு ஆவியாகப் பறக்க, கைக்கெட்டும் தூரம்போல அது வந்து நின்றது. அவளுக்கு ஷெல்பி மறந்துபோனாள். லைல்கூட மறந்துபோனான். கை தானாக இடது தோளுக்குப் போய் இல்லாத வில்லைத் தேடியது. அதற்குள் காற்று திரும்பியது. கடா மனுஷ வாசம் பிடித்து, ஒரே பாய்ச்சலில் மலைமுகட்டுக்கு அப்பால் மறைந்தது.

சரிவிலிருந்து லைல் தடதடவென்று இறங்கி வந்தான். தனியாக. அவளைப் பார்த்ததும் திகைத்து நின்றான். "நீ இங்க என்ன பண்ற?"

வாய்க்குள் ஊதல். ரோண்டா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"கோபமா? நியாயம்தான். உன்கிட்ட பொய் சொன்னேன். வகுப்பு ஆளுங்க ஒருத்தரும் வரல, நான் மட்டும்தான்." வாய்க்குள் விரலைவிட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் காட்டினான். ரோஸ் நிற ஊதல். "ஷெல்பி ஓரத்தை வெட்டிக் குடுத்தா, குமட்டாம இருக்க. மத்தவங்க சிரிப்பாங்கன்னு வண்டிக்குள்ளயே உட்கார்ந்து சொல்லிக் குடுத்தா. நாளைக்கு நீ வில்லோட முன்னால உட்காரு, நான் பின்னால இருந்து கூப்பிடுறேன்னு நினைச்சேன். பார்த்ததே இல்லன்னு சொன்னியே."

அவளுக்குக் கண் நிறைந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு கடாவாவது என் குரலை மதிக்குதான்னு பார்க்க வந்தேன். மதிச்சுது ரோ! எனக்கு வந்துச்சு! அப்பதான் கீழ எங்கிருந்தோ ஒரு பெட்டை. என்ன குரல் அது! ஷெல்பியெல்லாம் அவ கால்ல விழணும். நானே எழுந்து அவகிட்ட போயிருப்பேன்." கடா மறைந்த முகட்டைப் பார்த்தான். "வாசம் பிடிச்ச கடா இனிமே இந்தப் பள்ளத்துக்கு வராது. நாளைக்கு உனக்கு எதைக் கூட்டிட்டு வருவேன்? ஏதாவது பேசேன் ரோண்டா."

"லைல்," என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது பெட்டை மானின் முனகல், கடைசியில் சின்ன விக்கலோடு.

லைல் அவள் வாயையே பார்த்தான். ரோண்டா ஊதலைத் துப்பிக் கையில் பொத்திக்கொண்டாள்.

"பார்த்தேன்," என்றாள். "இங்கதான் நின்னுச்சு. எனக்கு நேரா."

லைல் அவளுடைய வெறுந்தோளைப் பார்த்துக் கேட்டான்: "உன் வில்லு எங்க?"

"வீட்டுல," என்றாள் ரோண்டா.