அவர் இல்லாத பதினோரு நிமிடம்

தீபாவளி முடிந்த பத்தாம் நாள் காலையில் சண்முகவேல் பாட்டு வரிசையை நான்காவது முறையாக மாற்றினார். சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவு. சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். முகூர்த்தம் இல்லாத புதன்கிழமை. பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் சீசன் முடிந்து பூட்டிக் கிடந்தன. சோதித்துப் பார்க்கக்கூட எவரும் ஒரு வெடி போடாத வாரம் வருஷத்தில் அது ஒன்றுதான். அதற்காகவே அந்தத் தேதி.

"அண்ணாச்சி, நேத்து சொன்ன வரிசையே இருக்கட்டுமே," என்றார் கமாலுதீன், டிரம்ஸின் கால்களை முடுக்கிக்கொண்டே.

"நேத்து சொன்னது நேத்தைக்கு. 'சூலக்கரை பஸ்'ஸ மூணாவதா போடு."

"அது கடைசின்னுல்ல சொன்னீக?"

"கடைசி வரைக்கும் மூச்சு இருக்கணும்லே," என்று சொல்லிவிட்டு மேடையின் அந்த ஓரத்துக்கு நடந்தார். உடனே திரும்பி இந்த ஓரத்துக்கு வந்தார்.

சண்முகவேலுக்கு எழுபத்திரண்டு வயது. காலண்டர் அச்சடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அச்சகத்தில் உட்கார மாட்டேன் என்று இருபது வயதில் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார். ஓட்டல்களில் வாசித்தார். அப்புறம் பயணிகள் கப்பலில் ஏறி ஒன்பது வருஷம் துறைமுகம் துறைமுகமாக ஜாஸ் வாசித்தார். திரும்பி வந்ததும் ஜாஸையும் நம் ராகங்களையும் தாளங்களையும் கலந்து வாசிக்க ஒரு குழுவைத் தொடங்கி 'ஏழரை' என்று பெயர் வைத்தார். ஏழரை அட்சரத்தில் அவரே கட்டிய தாளம் ஒன்று உண்டு, அதனால் வந்த பெயர். சனியனை வீட்டுக்கு அழைத்து வைத்த பெயர் என்று அவருடைய அண்ணன் சாகும்வரை திட்டினார்.

அந்தக் குழுவில் முதல் நாளிலிருந்து இருப்பவர் கமாலுதீன் ஒருவர்தான். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முப்பத்தெட்டு வருஷமாகச் சண்முகவேலின் முதுகைப் பார்த்து டிரம்ஸ் வாசித்துவருகிறார். நடுவே இரண்டு முறை சண்டை போட்டுப் பிரிந்து, இரண்டு முறையும் தானே திரும்பி வந்தார்.

ஸ்டுடியோவில் பதிந்த ஆல்பங்கள் இரண்டு உண்டு. அவற்றைத் தன் வீட்டில் போடச் சண்முகவேல் விடுவதில்லை. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பலகாரம்லே அது. ஈ மொய்க்காது, மணமும் வராது," என்பார். ஆட்களுக்கு முன்னால் வாசித்து ஒரு ஆல்பமாவது போட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் மதுரையில் டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, பாதி நுரையீரல்கூட வேலை செய்யவில்லை, இனிமேல் ஊதக்கூடாது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே சண்முகவேல் பிரீத்திக்குப் போன் போட்டார். மதுரையில் சின்ன ஸ்டுடியோ வைத்து ஒலிப்பதிவு செய்கிற பெண். அவளிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. "மைக்கு எத்தனை வேணும்னு மட்டும் சொல்லும்மா," என்றார்.

நாலு மணிக்கு மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். லீவில் இருந்த பட்டாசுத் தொழிலாளிகள், காலண்டர் வேலையைப் பாதியில் விட்டு வந்த அச்சக ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள். பேஸ் கிட்டார் ஞானசுந்தரி, சாத்தூரில் பள்ளிக்கூட ஆசிரியை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். கீபோர்டு அருள்பாண்டி.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதைச் சண்முகவேல் ஒத்திகையில் வாசித்ததைவிட வேகமாக எடுத்தார். கமாலுதீன் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். சண்முகவேல் திரும்பி, ஓட்டு ஓட்டு என்று கையைக் காட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் போல இருந்தது அவர் நிற்கும் நிலை.

மூன்றாவது, 'சூலக்கரை பஸ்'. ஒரு பட்டாவுக்காகச் சூலக்கரையில் இருக்கிற கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு வருஷம் பஸ்ஸில் அலைந்தபோது அவர் கட்டிய பாட்டு. ஏழரைத் தாளம். ஒவ்வொரு சுற்றும் முடிகிற அந்த அரை அட்சரத்தில் கமாலுதீன் எதையும் அடிக்கக்கூடாது. சாக்ஸபோன் உள்ளே வருவதற்கான வாசல் அது. எப்போது வருவார், எந்த ஸ்வரத்தில் வருவார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறு நிமிடம் ஆகியிருக்கும். மேலே போய்க்கொண்டிருந்த ஒரு சங்கதி நடுவில் வெறும் காற்றாக ஆனது. சண்முகவேல் இன்னொரு தடவை ஊதினார். மறுபடியும் காற்று. சாக்ஸபோனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து மேடைக்குப் பின்னால் மறைந்தார்.

அருள்பாண்டியின் கை கீபோர்டின் மேலே நின்றுவிட்டது. நிறுத்தவா என்று கமாலுதீனைப் பார்த்தான். ஞானசுந்தரி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதே ஏழரையை வாசித்துக்கொண்டே இருந்தார். கமாலுதீனும் நிறுத்தவில்லை.

மேடைக்குப் பின்னால் மணமகள் அறை. அங்கே சண்முகவேலின் மனைவி மாரிசெல்வி ஆக்சிஜன் சிலிண்டரோடு காத்திருந்தார். வேண்டாம் என்று சண்முகவேல் சொல்லியும் கேட்காமல் கொண்டுவந்த சிலிண்டர். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சண்முகவேல் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவருடைய கால் தாளம் போட்டது, கை தொடையைப் பிசைந்தது.

"நான் போறேன்," என்றார் மாஸ்க்குக்குள்.

"எந்திரிக்காதீக. உதடு நீலமா இருக்கு."

எழுந்தார். குழாய் இழுபட்டு மாஸ்க் கழன்றது. கண்ணாடியைப் பிடிக்கப் போய், பிடி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரிசெல்வி ஐயோ என்று ஒரே ஒரு சத்தம் போட்டார். அப்புறம் தானும் தரையில் உட்கார்ந்து மாஸ்க்கை அவர் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் மார்பு ஏறி இறங்குவது சீராகும்வரை கையை எடுக்கவில்லை.

சண்முகவேல் மறுபடி மேடைக்கு வந்தபோது பாட்டு உச்சத்தில் இருந்தது. ஆட்கள் எழுந்து நின்றிருந்தார்கள். திரையோரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் சாக்ஸபோனை எடுத்துக் கடைசிப் பல்லவியை மட்டும் மெல்ல வாசித்து முடித்தார். கமாலுதீன் முகமெல்லாம் நனைந்திருந்தது. வேர்வை என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்கப்புறம் சின்னதாக இரண்டு பாட்டு. அவ்வளவுதான் பதிவு.

ஒரு வாரம் கழித்துப் பிரீத்தி சண்முகவேல் வீட்டு மாடியில் ஸ்பீக்கர்களை வைத்துப் போட்டுக் காட்டினாள். கமாலுதீனும் வந்திருந்தார். முதல் இரண்டு பாட்டுக்கும் சண்முகவேல் எழுந்து நடந்துகொண்டே குறை சொன்னார். மூன்றாவதில் அவர் மேடையை விட்டுப் போன இடம் வந்ததும் நடப்பது நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி முழுதும் கேட்டார்.

"வெட்டிரும்மா," என்றார் பாட்டு முடிந்ததும்.

"எதை சார்?"

"நான் போனதுலருந்து வர்ற வரைக்கும். பதினோரு நிமிஷம். ரெண்டு நுனியையும் ஒட்டிரலாம்ல?"

பிரீத்தி கமாலுதீனைப் பார்த்தாள். கமாலுதீன், "அண்ணாச்சி, இந்த ரெக்கார்டுலயே அதுதான் இருக்கிறதுலயே நல்லாருக்கு," என்றார்.

"தெரியுதுலே. எனக்குக் காது இல்லையா?"

"பொறகு ஏன் வெட்டணும்?"

"எங்கடைசி ரெக்கார்டு. அதுல நல்லா இருக்கிற எடத்துல நான் இல்ல. அத காசு குடுத்து வாங்கி எவன் கேக்கணும்? நான் செத்த பொறகு ஒவ்வொருத்தனும் இதச் சொல்லணுமா?"

"முப்பத்தெட்டு வருசம் நீங்க கை காட்டுற பக்கமெல்லாம் வாசிச்சாச்சு. ஒரு பதினோரு நிமிசம் எங்களுக்கு ஆகாதா?" கமாலுதீன் எழுந்துவிட்டார். "வெட்டுறதா இருந்தா எம்பேரயும் சேத்து வெட்டிருங்க."

செருப்பை மாட்டாமலேயே படி இறங்கிப் போய், கீழே போனதும் நினைவு வந்து திரும்பி ஏறி மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை சண்முகவேல் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்கு, பிரீத்தியின் ஸ்டுடியோவுக்குப் போனார். வெட்ட வேண்டாம், அந்தப் பதினோரு நிமிடத்தின் மேல் இப்போது நான் வாசிக்கிறேன், சேர்த்துவிடு என்றார். பலகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இப்போது தானே வந்திருப்பது அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் தடவை இரண்டு சங்கதி வாசித்து நிறுத்தினார். இரண்டாம் தடவை, உள்ளே நுழைகிற இடத்தில் ஏற்கெனவே ஞானசுந்தரி இருந்தார். மூன்றாம் தடவை அருள்பாண்டி மேல் போய் மோதினார். எங்கே காலை வைத்தாலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மூச்சும் வாங்கியது. சாக்ஸபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சும்மா போடு, கேப்போம்," என்றார்.

அப்போதுதான் அவருக்கு அது கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிரீத்தியைக் கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஆரம்பத்துலருந்து போடும்மா. ஒவ்வொரு சுத்து முடியும்போதும் கவனி. அந்த அரை அட்சரத்த கமால் சும்மா விட்டிருக்கான் பாரு. நான் வருவேன்னு விட்டிருக்கான்."

"ஆமா சார்."

ஒவ்வொரு சுற்றிலும் வாசல் திறந்திருந்தது. விரல் விட்டு எண்ணினார். நாலாவது நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்தது. வாசல் இல்லை. கமாலுதீனின் இரண்டு கையும் அந்த அரை அட்சரத்தில் இறங்கியிருந்தன. அடுத்த சுற்றிலும் இறங்கின. அதற்கப்புறம் கடைசி வரை அந்த இடம் திறக்கவே இல்லை. அங்கிருந்துதான் பாட்டு எழுந்து ஓடியது. அங்கிருந்துதான் ஞானசுந்தரி அதே சுற்றை விட்டு வெளியே வந்தார், அருள்பாண்டி யாரையும் பார்க்காமல் வாசித்தான்.

"இந்த எடத்த மறுபடி போடு," என்றார். மறுபடி போட்டாள். "இன்னொரு தரம்." ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பார். கோபப்படப் போகிறார் என்று பிரீத்தி காத்திருந்தாள். அவர் போனை எடுத்துக் கமாலுதீனைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாலாவது நிமிசத்துல என்னைய விட்டுட்டல்ல?"

அந்தப் பக்கம் கடையின் சத்தம், யாரோ மூட்டை எண்ணுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது குறைந்தது. கமாலுதீன் வெளியே வந்துவிட்டார் போல.

"ஆமா அண்ணாச்சி."

"எதுக்கு விட்ட? வருவேன்னு தெரியும்ல?"

"அந்த அரை அட்சரத்துல மதினி சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"ஐயோன்னு ஒரே சத்தம். பொறகு ஒண்ணுமே கேக்கல. ஒங்க கத முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அந்த நெனப்பு வந்த பொறகும் எங்கை நிக்கல அண்ணாச்சி. எந்திரிச்சு ஓடி வந்திருக்கணும். வரல. அங்கன செத்துக் கெடக்காரு, நான் இங்கன வாசிச்சுக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சே வாசிச்சேன். அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. வெட்டச் சொன்னீகள்ல, அன்னைக்கு எனக்கு வந்த கோவம் ஒங்க மேல இல்ல."

இருக்கீகளா என்று கமாலுதீன் இரண்டு முறை கேட்டார்.

"இருக்கேன்," என்றார். "நான் கப்பல்ல இருக்கும்போது எங்கம்மா செத்துப்போன தந்தி வந்துச்சு. அன்னைக்கு ஒரு கச்சேரி. வாசிச்சேன். நல்லா வாசிச்சேன்லே. இன்னிவரைக்கும் மாரிகிட்டகூட சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ ஓடி வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப? மாஸ்க் பிடிக்க ஒருத்தி போதும். சோறு தின்னு. இது இருக்கட்டும், வெட்டல."

"நெசமாவா?"

"ஆனா ரெண்டாவது பாட்டுல நீ இழுத்த பாரு, அதுக்கு ஒன்னய மன்னிக்க மாட்டேன்."

மாசி மாதம் ஆல்பம் இசைத்தட்டாக வந்தது. உறையைக் குடும்ப அச்சகத்தில் அண்ணன் மகன் மகேஷ்குமார் அடித்துக் கொடுத்தான். 'சூலக்கரை பஸ்'ஸுக்கு நேரே 'சாக்ஸபோன்: முதல் ஆறு நிமிடமும் கடைசிப் பல்லவியும் மட்டும்' என்று போடச் சொன்னார் சண்முகவேல். அப்படி எந்த உறையிலும் பார்த்ததில்லை என்று மகேஷ்குமார் சொன்னான். "பாக்காட்டி என்னலே, அடி," என்றார். ஆயிரம் தட்டு போட்டதில் எழுநூறுக்கு மேல் போயின. கேட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களிடம் அவர் சில நாள் பேச்சை மாற்றினார். சில நாள் அவர்களோடு சேர்ந்து பேசினார். சில நாள் போனையே எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவரால் ஊத முடியவில்லை. வைகாசியில் கொச்சியிலிருந்து 'ஏழரை' குழுவுக்கு ஒரு கச்சேரி வந்தது. நீங்க மூணு பேரும் போய் வாசிங்க என்றார். வண்டி கிளம்புகிற காலையில் தானும் பையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் மாரிசெல்வி. செங்கோட்டை தாண்டும்வரை எந்த வழியாகப் போவது என்று டிரைவரோடு சண்டை போட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் குழுவை எதிரே உட்கார்ந்து கேட்டார். முதல் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். முதல் பாட்டு பாதியில் எழுந்து பின்வரிசைக்குப் போனார். அங்கே பேஸ் அதிகமாகக் கேட்டது. இடது பக்கச் சுவருக்குப் போனார். அங்கிருந்து கமாலுதீனின் கை தெரியவில்லை. நடுவில் ஒரு தூண் அருகே வந்து நின்றார். மாரிசெல்வி பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இடத்துக்கும் பின்னாலேயே வந்தார்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன்," என்றார் அவர் காதருகே.

"பேசாத புள்ள," என்றார் சண்முகவேல். "கீபோர்டு அங்கன நல்லாக் கேக்கும்னு தோணுது. வா."